மார்ல்பெக் வீட்டுக் கோடி

மே 12

டாக்டர் இனிமேல் வலி மாத்திரை மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார். மற்றதையெல்லாம் நிறுத்தியாயிற்று. மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டிக்கொடுத்தே தலை நரைத்தவன் நான். சீட்டில் மருந்து குறைந்தால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹில்டா என்னவோ சந்தோஷப்பட்டாள். "அந்த மஞ்ச மாத்திர இனி கெடையாதுல்லா? தொண்டையில போய் ஒட்டிக்கிடும், சவம்" என்றாள்.

திரும்பி வரும்போது எங்கள் தெரு ஜெபமணி வீட்டு முன்னால் பந்தல். அவன் அம்மா நேற்றே போய்விட்டாள், இன்னும் எடுக்கவில்லை. கார் நகர வழியில்லை. ஹில்டா கண்ணாடியை இறக்கிவிட்டு என்ன தாமதம் என்று கேட்டாள். பிறந்த வீட்டு ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், கோடி வராமல் எடுக்க மாட்டார்கள் என்றேன்.

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். கட்டிக்கொடுத்த பெண் செத்தால், பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ புதுச்சேலை கொண்டுவந்து மேலே போட வேண்டும். அதற்குப் பிறகுதான் பெட்டியை மூடுவார்கள். வேதத்தில் இல்லை, சபைச் சட்டத்திலும் இல்லை. ஆனாலும் கோடி வராமல் எந்தப் பெண்ணையும் இந்த ஊரில் தூக்கியதில்லை.

ஹில்டா கொஞ்ச நேரம் பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நாளைக்குப் பால் யார் வாங்குவது என்று கேட்கிற மாதிரி, "எனக்கு யாருங்க கொண்டாருவா?" என்றாள்.

சும்மா கிட என்றேன்.

மே 14

யார் கொண்டுவருவார்கள் என்று யோசித்தால், நியாயமாகப் பார்த்தால் கென்னத் கொண்டுவர வேண்டும். ஹில்டாவின் ஒரே அண்ணன். இங்கிலாந்தின் வடக்கே மலைப்பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கிருந்து நர்சுகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்தவள், மருந்து கட்டுகிற கறுப்பனைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று தெரிந்த நாளோடு அந்த வீட்டில் பேச்சு நின்றுபோனது. ஐம்பத்து மூன்று வருஷம். அவர் இருக்கிறாரோ இல்லையோ.

போனில் மார்ல்பெக் என்று ஹில்டாவின் வீட்டுப் பெயரைப் போட்டுத் தேடினேன். நிக்கோலா மார்ல்பெக் என்று ஒரு பெண் அந்தக் குடும்பத்தின் பூர்வீகத்தைத் தேடிப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறாள். அறுநூறு எழுநூறு வருஷத்துக்குப் போகிறது. என் தாத்தாவுக்கு அப்பா பெயரே எனக்குத் தெரியாது. ஓரத்தில் அவள் படம். ஹில்டாவின் தாடை அப்படியே இருக்கிறது. கென்னத்தின் மகள் என்று அவளே எழுதியிருக்கிறாள்.

அவளுக்கு எழுதினேன். நான் இந்தியாவில் ஓய்வுபெற்ற மருந்தாளுநர், பழைய ஆங்கிலக் குடும்பங்களின் சரித்திரத்தில் ஆசை உள்ளவன், பெயர் ஞானசிகாமணி என்று. எடுத்த எடுப்பில் உன் அத்தை புருஷன் என்று எழுதினால் பயந்துவிடுவாள். கொஞ்சம் பழகட்டும்.

மே 20

பதில் வந்துவிட்டது, நீளமாக. பாவம், இத்தனை வருஷமாக இவள் எழுதியதை ஒருத்தரும் படிக்கவில்லை போலிருக்கிறது. ஆயிரத்து முந்நூற்று முப்பத்திரண்டில் ராஜாவுக்கு வரி கட்டினவர்களில் ஆடம் என்று ஒருவன், மார்ல்பெக் ஓடைக்கரையில் குடியிருந்தவன். அவன்தான் இதுவரை கண்டுபிடித்ததில் மூத்தவனாம். மனைவி பெயர் ஆலிஸ். அப்பா கென்னத்துக்கு எண்பத்து மூன்று வயது, தன்னோடுதான் இருக்கிறார், இடுப்பு ஒடிந்து இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார் என்றும் எழுதியிருக்கிறாள். இருக்கிறார்.

ஊர்க் கோவில் தோட்டத்தில் இருக்கும் குடும்பக் கல்லறையின் படத்தையும் அனுப்பியிருந்தாள். பார்த்தேன். பெயர்கள் வெட்டியிருக்கிறது. ஹில்டாவிடம் காட்டவில்லை, அவளுக்கு இப்போது கண்ணாடி போட்டாலும் சரியாகத் தெரிவதில்லை. கஞ்சி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. துடைக்கவே நேரம் சரியாகப் போயிற்று.

மே 24

தங்கை சாராள் மிளகு ரசம் கொண்டுவந்தாள். ஹில்டா இரண்டு வாய் குடித்தாள்.

ஜூன் 1

அண்ணன் இல்லையென்றால் பங்காளி வீட்டில் ஒருவர் கோடி போடலாம், அதற்கு இங்கே தடையில்லை. அதனால் வேறு மார்ல்பெக்குகளைத் தேடினேன். லீட்ஸ் என்ற ஊரில் ஒருவர் குழாய் வேலை செய்கிறார், கடைப்பெயரே மார்ல்பெக். ஒரே வீட்டுப்பெயர், ஒரே வம்சமாகத்தான் இருக்கும். நேற்று போனிலேயே அவருக்குக் கடிதம் எழுதி அனுப்பினேன். "அன்புள்ள மைத்துனருக்கு" என்று தொடங்கி, உங்கள் குலத்துப் பெண் இங்கே சுகமில்லாமல் இருக்கிறாள் என்று விவரமாக எழுதியிருக்கிறேன்.

சாராளிடம் சொன்னேன். அவளுக்கு அடுத்த வீடுதான். புருஷன் செத்ததிலிருந்து என்னைத் திருத்துவதுதான் அவளுக்கு வேலை.

"கூடப்பொறந்த அண்ணங்காரன் உசுரோட இருக்கான்னு நீதானே சொன்ன. அவன விட்டுட்டு கொழா மாட்டுதவன எதுக்குண்ணே தேடுத?"

கோழிக்குத் தீனி வைத்தாயா என்று கேட்டேன்.

"பேச்ச மாத்தாத. மைனிய கூட்டிட்டு வந்தது நீ. கேக்க வேண்டியதும் நீதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் 5

குழாய்க்காரர் பதில் போட்டிருக்கிறார். மரியாதையான மனிதர். தங்கள் குடும்பம் வேறு மாவட்டத்திலிருந்து வந்தது, இந்த மார்ல்பெக்குகளுக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை, உங்கள் மனைவியின் உடல்நிலைக்கு வருந்துகிறேன் என்று. என்னை மைத்துனர் என்று இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை என்றும் ஒரு வரி.

நிக்கோலாவிடம் பொதுவாகக் கேட்பது போல் கேட்டேன். மார்ல்பெக் என்கிற பெயரில் அங்கே நாலைந்து ஓடைகள் இருக்கின்றனவாம். எந்த ஓடைக்கரையில் குடியிருந்தாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். பெயர் ஒன்றாக இருப்பதால் ரத்தம் ஒன்றாகிவிடாது என்று எழுதியிருந்தாள். இங்கே ஒரு வீட்டுப்பெயரைச் சொன்னால் முறைவைத்துக் கூப்பிட்டுவிடலாம். அந்த ஊரில் அதுவும் முடியாது.

கடைசியில் கேட்டிருந்தாள்: "உங்களுக்கு எங்கள் குடும்பத்தின் மேல் ஏன் இத்தனை அக்கறை என்று தெரிந்துகொள்ளலாமா?"

ஆடமுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுப் பதில் எழுதினேன்.

ஜூன் 11

மூன்று பிள்ளைகள். ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தொன்பதில் அந்த நாட்டில் கொள்ளைநோய் வந்தபோது ஆடமும் மூத்த இரண்டு மகன்களும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அந்தக் காலத்தில் குடியானவன் செத்தால் அவன் வீட்டில் இருக்கும் நல்ல மாட்டை நிலத்துக்கு உடையவர் ஓட்டிக்கொண்டு போய்விடுவாராம், அது அவருக்குப் பாத்தியம். அடுத்து கோவில் குருவானவருக்கும் ஒன்று போக வேண்டும். ஆடம் வீட்டில் ஒரே ஒரு பசு. அது உடையவருக்குப் போயிற்று. குருவானவருக்குக் கொடுக்க வேறு ஒன்றும் இல்லை, செத்தவனின் நல்ல மேலங்கியை எடுத்துக்கொண்டார்.

இதை வாசித்துவிட்டு எனக்கு ஆறவே இல்லை. இங்கே செத்தவருக்குத் துணி கொண்டுவந்து போடுகிறோம். அங்கே செத்தவனின் துணியை உருவிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

சாயங்காலம் ஹில்டாவுக்குச் சொன்னேன், போனில் ஏதோ பழைய கதை போட்டிருக்கிறான் என்று. உடையவரின் ஆள் ஆலிசிடம் வந்து, நிலம் வேண்டுமென்றால் வேறு ஒருத்தனைக் கட்டிக்கொள், இல்லையென்றால் கிளம்பு என்றானாம். ஆலிஸ் இரண்டும் செய்யவில்லை. ஊர்ச்சபை கூடுகிறபோதெல்லாம் "ஆலிஸ் இன்னும் மறுக்கிறாள்" என்று எழுதியிருக்கிறார்கள், அவள் கிழவியாகிற வரைக்கும். மிச்சமிருந்த கடைக்குட்டிப் பையனின் வழியில் வந்தவர்கள்தான் அந்தக் குடும்பம் முழுக்க.

ஹில்டா சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாயிற்று. "பொல்லாத பொம்பள" என்றாள். "யாருங்க இதெல்லாம் எழுதுதா?"

யாரோ வேலையில்லாதவர்கள் என்றேன்.

ஜூன் 15

சிறுநீர் குறைந்துவிட்டது. கால் வீக்கம். மெத்தை விரிப்பை இரண்டு தடவை மாற்றினேன். நிக்கோலா கொள்ளைநோயைப் பற்றி இன்னொரு நீளமான கடிதம் அனுப்பியிருக்கிறாள். இதைப் படிக்கிற நேரம் மனசுக்குக் கொஞ்சம் நன்றாக இருக்கிறது. அவர்களெல்லாம் செத்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.

ஜூன் 19

மத்தியானம் ஹில்டாவுக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தேன். முடி எல்லாம் போய் ஒரு எலிவால் மாதிரி கிடக்கிறது. கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

"கென்னி மகதான, அந்தக் கத எழுதுதது?"

சீப்பை வைத்துவிட்டேன். சாராள் சொல்லியிருப்பாள். வேறு யார்.

"கல்லு படம் அனுப்பிருக்காளாமே. பாசி புடிச்சுக் கெடக்கா?"

அந்தப் படத்தை நான் யாரிடமும் காட்டவில்லை, அதில் இருந்ததை இந்த நோட்டில்கூட எழுதவில்லை. சாராளிடம் மட்டும் ஒரு நாள் தாங்க முடியாமல் சொன்னேன். அந்தக் கல்லில் முதலில் ஹில்டாவின் தாத்தாவும் பாட்டியும். அதற்குக் கீழே, "ஹில்டா, பேத்தி, இந்தியாவில் காலமானாள், 1972." அதற்குக் கீழேதான் அவள் அப்பாவும் அம்மாவும். எங்கள் கல்யாண வருஷத்தில் அவள் பெயரை வெட்டிவிட்டார்கள். ஊருக்குக் காய்ச்சலில் செத்துப்போனாள் என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்கு மேலே மகள் பெயர் இருக்கிறது.

"எனக்கு அப்பவே தெரியும்ங்க" என்றாள். "அம்மா ஒரே ஒரு தடவ எழுதுனா. அப்பா செஞ்சிட்டாரு, கென்னியும் சரின்னுட்டான், என்னால தடுக்க முடியலன்னு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க அங்கன போய் கல்ல ஒடச்சிருவிய." பிறகு, "அந்த ஊர்ல ஒரு கல்லற, இந்த ஊர்ல ஒண்ணு. ரெண்டு கல்லற யாருக்குங்க கெடைக்கும்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்துவிட்டது.

தண்ணீர் கொடுத்தேன். வாயைத் துடைத்துவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதிருங்க. நான் இருக்கேன்னு எழுதிருங்க. வருதாவளோ வரலையோ, அது அவங்க பாடு. கேக்காமலே போயிட்டேன்னு இருக்கக் கூடாது."

எழுதுகிறேன் என்றேன். நான் பயந்தது இதற்குத்தான். கேட்டு, அவர்கள் இல்லையென்று சொல்லி, அதை இவள் உயிரோடு கேட்க வேண்டி வந்தால் நான் என்ன செய்வேன். ஆடமும் ஆலிசும் யாரையும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை.

ஜூன் 20

அனுப்பிவிட்டேன். "உங்கள் அத்தை ஹில்டா சாகவில்லை. அடுத்த அறையில் படுத்திருக்கிறாள். அதிக நாள் இருக்க மாட்டாள். நான் அவள் கணவன். எங்கள் ஊரில் பிறந்த வீட்டிலிருந்து அவளுக்கு ஒரு துணி வர வேண்டும். உங்கள் அப்பாவிடம் கேளுங்கள்."

ஜூன் 22

பதில் இல்லை.

ஜூன் 24

பதில் இல்லை. தண்ணீர் மோட்டார் ரிப்பேர். ஹில்டா எதுவும் கேட்கவில்லை. போன் மணி அடித்தால் மட்டும் கண்ணைத் திறக்கிறாள்.

ஜூன் 26

நிக்கோலா கூப்பிட்டாள். முதலில் மோசடி என்று நினைத்தாளாம், பணம் பறிக்க வந்தவன் என்று. நியாயம்தான், ஆரம்பத்தில் பொய் சொல்லிப் பழகியவன் நான். பிறகு அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். கென்னத் "என் தங்கை செத்துவிட்டாள்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். "அவர் அதைச் சொன்ன விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது" என்று சொல்லி அழுதாள்.

போனை ஹில்டாவின் வாய்ப்பக்கம் வைத்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் இங்கிலீஷ் எங்கள் ஊர் இங்கிலீஷ் ஆகிவிட்டது. அந்தப் பெண்ணுக்குப் பாதி புரியவில்லை. ஆனாலும் இரண்டு பேரும் ஓடையைப் பற்றிப் பேசினார்கள், ஓடையில் இன்னும் தண்ணீர் ஓடுகிறதா என்று.

நிக்கோலா என்னிடம் கேட்டாள், உங்கள் ஊரில் நான் அவர்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று. அப்பாவின் தங்கை என்றால் அத்தை என்றேன். அம்மாவின் தங்கைக்கு அது இல்லை, வேறு பெயர், இது அப்பா வழிக்கு மட்டும் என்றேன். இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். ஹில்டா எப்படியோ அதைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பாஸ்போர்ட் காலாவதி ஆகிவிட்டது, புதிதாக விண்ணப்பிக்கிறேன், விசாவும் வாங்க வேண்டும் என்றாள். நான் காலண்டரைப் பார்க்கவில்லை.

ஜூலை 2

நிக்கோலா தினமும் கூப்பிடுகிறாள். ஆலிஸ் கதையை அவளும் ஒரு தடவை சொன்னாள், ஹில்டா தெரியாதது போலக் கேட்டாள். ஹில்டாவுக்கு இப்போது சொட்டுச் சொட்டாகத்தான் தண்ணீர் இறங்குகிறது. பேச்சு குறைந்துவிட்டது. இன்று ஒன்று மட்டும் கேட்டாள், இங்கிலீஷில், தெளிவாக. கென்னி பக்கத்தில் இருக்கிறானா என்று.

"அடுத்த அறையில் இருக்கிறார், அத்தை" என்றாள் நிக்கோலா.

ஜூலை 6, ஞாயிறு

காலையில், ஆராதனைக்கு முதல் மணி அடித்துக்கொண்டிருக்கும்போது ஹில்டா போய்விட்டாள். சாராள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நான்தான் கண்ணை மூடினேன். வேறு எழுத முடியவில்லை.

ஜூலை 8

நேற்று அடக்கம் முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்கே நம்பிக்கை வராது.

காலையிலேயே புருஷன் வீட்டு முறைக்கு என் கோடியைப் போட்டுவிட்டேன். கழுத்துவரை மூடி, முகத்தை மட்டும் விட்டிருந்தது. சபை ஐயர் வந்துவிட்டார், பாட்டு பாடி முடித்தார்கள், வெயில் ஏறிவிட்டது. ஜெபமணி பக்கத்தில் வந்து குனிந்தான். அவன்தான் இப்போது ஊர்த் தலைவர்.

"சித்தப்பா, பொறந்த வீட்டுக் கோடிக்கு என்ன செய்ய? யாரும் இல்லன்னா ஊர் சார்பா நாங்க போட்டுருதோம். வெள்ளக்காரிதான, யாரும் தப்பா எடுக்க மாட்டாவ."

சாராள் எழுந்துவிட்டாள். "அவ வெள்ளக்காரி இல்ல, எங்க மைனி. அண்ணன் இருக்காரு. வருத வரைக்கும் கெடக்கட்டும்."

"எங்க இருந்து வருவாரு சித்தி, லண்டன்ல இருந்தா?" என்று யாரோ கேட்டார்கள். சாராளுக்கும் தெரியும், யாரும் வரப்போவதில்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

ஞாயிறே நிக்கோலாவுக்குச் சாவைச் சொல்லியிருந்தேன். அப்போதுதான் போன் அடித்தது. நிக்கோலா. முகம் தெரிகிற மாதிரி கூப்பிட்டிருந்தாள். "அப்பா பேச வேண்டும் என்கிறார்" என்றாள். படம் ஆடியது, பிறகு ஒரு கிழவர். அதே தாடை. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, தலையை நனைத்துச் சீவியிருந்தார். அங்கே அப்போது விடிந்திருக்கக்கூட இல்லை.

எனக்கு ஐம்பத்து மூன்று வருஷக் கோபம் இருந்தது, என்னென்ன கேட்க வேண்டும் என்றுகூட எப்போதோ யோசித்து வைத்திருந்தேன். அவர் வாய் கோணியது. பிறகு, "நான் என்ன செய்ய வேண்டும்?" என்றார்.

"ஒரு சேலை" என்றேன். "நீங்கள் எடுத்ததாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்."

"எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாதே."

"நான் காட்டுகிறேன்."

இங்கிலீஷ் பேச என்னைவிட்டால் ஆளில்லை, அதனால் நானேதான் போக வேண்டியதாயிற்று. பெண்டாட்டியைப் பெட்டியில் வைத்துவிட்டு ஜவுளிக்கடைக்குப் போன புருஷன் இந்த ஊரில் நான் ஒருத்தன்தான். சாராளும் கூட வந்தாள். சாவுக்காக அடைத்திருந்த கடையை அதன் முதலாளி செல்வின் பாதிக் கதவு மட்டும் தூக்கித் திறந்தான். போனைச் சாராளிடம் கொடுத்து, திரையைக் கடைப்பக்கம் திருப்பிப் பிடிக்கச் சொன்னேன்.

செல்வின் ஒன்றும் கேட்காமல் அலமாரியிலிருந்து ஒரு பச்சைச் சேலையை எடுத்து விரித்தான். "சார் எப்பவும் இந்த நெறந்தான எடுப்பிய. அம்மாவுக்குப் புடிச்சது" என்றான்.

"பச்சை வேண்டாம்" என்றார் கென்னத். அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்தவர் சத்தமாகச் சொன்னார். "அவளுக்குப் பச்சை ஆகாது. சின்னக் குழந்தையாக இருக்கும்போதே ஆகாது. அம்மா பச்சைக் கம்பளிச் சட்டை பின்னினாள், போடமாட்டேன் என்று தரையில் விழுந்து அழுவாள். கடைசியில் இறுக்கமாக இருந்தாலும் அதை நான்தான் போட்டுக் கிழித்தேன்."

சாராள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. என்ன சொல்லுதாரு என்று கேட்டாள். வேற காட்டச் சொல்லுதாரு என்றேன்.

கல்யாணச் சேலை பச்சை. அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நான் எடுத்தது பச்சை. வெள்ளைத் தோலுக்கு எடுப்பாக இருக்கும் என்று முதல் வருஷம் நானே முடிவுசெய்தேன், பிறகு மாற்றவே இல்லை. அவள் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து, நல்லா இருக்குங்க என்று சொல்லி, அன்றைக்கே கட்டிக்கொண்டு ஆலயத்துக்கு வருவாள். ஒரு நாள்கூட முகம் மாறியதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ.

செல்வின் ஒவ்வொன்றாக விரித்தான். கென்னத் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டே வந்து, சாம்பல் நிறத்தில் சிவப்புக் கரை போட்ட ஒரு பருத்திச் சேலையில் நிறுத்தினார். அது போதுமா, நல்லதா என்று என்னைக் கேட்டார். நல்லது என்றேன்.

வீட்டுக்கு வந்து, நான் போனைப் பெட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டேன். ஜெபமணி உரக்கச் சொன்னான், "மார்ல்பெக் வீட்டுக் கோடி" என்று. அந்தப் பெயரை அவன் சரியாகவே சொன்னான். சாராள் சேலையைப் பிரித்து, கென்னத் பார்த்துக்கொண்டிருக்க, கழுத்திலிருந்து கால்வரை விரித்துவிட்டாள். அவர் தங்கையைப் பெயர் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டார்.

காலையில் நான் போட்டிருந்ததும் பச்சைதான். எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், புருஷன் வீட்டுக் கோடியை எடுக்கக் கூடாது. அதன் ஓரம் எங்கேயும் வெளியே தெரியாதபடி அண்ணன் சேலையை நாலு பக்கமும் இழுத்துச் செருகிவிட்டேன். பிறகு மூடச் சொன்னேன்.